கிருமியை எங்கே மறிப்பது, எப்படிக் கொல்வது?

வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டால் பலர் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கைக்கு எட்டிய கிருமிநாசினியைத் தரையில் தெளித்து, தெளித்த கையோடு துணியால் துடைத்துவிடுவார்கள். மூக்கில் நெடி ஏறும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். கிருமிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. நோயாளிகளைப் பராமரிக்கிற வேலைக்கு வரும்வரை நானும் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா, முதல் வாரம் மருந்து பாட்டில் எதையும் தொடவே விடவில்லை. "எங்கிருந்து கிளம்புது, எதுல ஏறிப் போகுது, எங்க போய் இறங்குது? இந்த மூணையும் சொல்லு, அப்புறம் பாட்டிலைத் தொடலாம்" என்பார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நானும் அதையேதான் கேட்கிறேன். ஓர் ஆளின் உடம்பிலிருந்து இன்னோர் ஆளின் உடம்புக்குக் கிருமி தானாக நடந்து போவதில்லை. கையோ, காற்றோ, தண்ணீரோ, ஈயோ, கொசுவோ சுமந்து போக வேண்டும். கிருமியைக் கொல்வதைவிட அந்தச் சவாரியை நிறுத்துவது பெரும்பாலும் சுலபம்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்தது இதைத்தான். இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தார். பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வழியைக் கண்டுபிடித்தவர் அவர். ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டியது அதற்குக் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்துத்தான். ஸ்னோவுக்கு அந்தக் கிருமி எப்படியிருக்கும் என்றே தெரியாது. எதில் ஏறி வருகிறது என்று தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது.

எதிரில் நிற்பது யார்

கிருமி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பல சாதிகள் உண்டு.

பாக்டீரியா ஒரு முழு உயிரணு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து பங்குவரை நீளம் இருக்கும். ஈரம், உணவு, இளஞ்சூடு மூன்றும் கிடைத்தால் எங்கு வேண்டுமானாலும் தானாகப் பெருகும். வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. வேறோர் உயிரணுவுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். மேசைமேல் கிடக்கிற வைரஸ் எண்ணிக்கையில் கூடாது, நேரம் போகப் போகக் குறையத்தான் செய்யும். மேசைமேல் சிந்திய பாலில் இருக்கிற பாக்டீரியா கூடிக்கொண்டே போகும். பூஞ்சை, அமீபா போன்ற ஒட்டுண்ணிகள் எல்லாம் இன்னும் உண்டு. முதல் நாள் பாடத்துக்கு அவை வேண்டாம்.

கொல்வது என்று வரும்போது இரண்டு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, சில வைரஸ்கள் கொழுப்பால் ஆன மேலுறை போர்த்தியிருக்கும். இன்ஃபுளுயன்சா, கொரோனா, எச்.ஐ.வி. எல்லாம் அந்த ரகம். கொழுப்பைக் கரைக்கிற எதுவும், அதாவது சாதாரண சோப்பேகூட, அந்த உறையைக் கிழித்துவிடும். வாந்தி பேதி தருகிற நோரோ, ரோட்டா வைரஸ்களுக்கும் போலியோ வைரஸுக்கும் அந்த உறை இல்லை. கிழிக்க ஒன்றுமில்லாததால் அவை முரடு. சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. இரண்டு, சில பாக்டீரியாக்கள் நிலைமை மோசமானால் ஸ்போர் என்ற கெட்டி ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். ஆந்த்ராக்ஸ், டெட்டனஸ், போட்டுலிசம் ஆகியவற்றை உண்டாக்குகிறவை அப்படிப்பட்டவை. கொதிக்கிற தண்ணீரிலும் பிழைத்துக் கிடந்து, நல்ல காலம் வந்ததும் முளைத்துவிடும்.

படி 1: வழியை வரைந்து பாருங்கள்

உண்மையாகவே ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். இடது பக்கம் நோயாளி, வலது பக்கம் நீங்கள். நடுவே என்னென்ன இருக்கின்றன?

தொடுதல்தான் மிகவும் தேய்ந்த பாதை. சளி பிடித்தவர் மூக்கைத் துடைத்த கையோடு கதவைத் திறக்கிறார். அடுத்து நீங்கள் அதே கைப்பிடியைப் பிடிக்கிறீர்கள். இன்ஃபுளுயன்சா வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் 24 முதல் 48 மணி நேரம்வரையும், துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம்வரையும் தாக்குப்பிடிக்கும். கைத்தோலில் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் கை முகத்துக்குப் போகாதா என்றால், போகும். ஆஸ்திரேலியாவில் 26 மருத்துவ மாணவர்களை வகுப்பில் உட்காரவைத்துப் படம்பிடித்து எண்ணினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். மருத்துவம் படிக்கிறவர்களுக்கே இந்தக் கதி. "முகத்தைத் தொடாதே" என்ற அறிவுரையை நான் இப்போதெல்லாம் யாருக்கும் சொல்வதில்லை. தொடுகிற கையைச் சுத்தமாக வைத்துக்கொள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது காற்று. இதில் இரண்டு கணக்கு. இருமும்போது தெறிக்கிற பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். மிக நுண்ணிய துளிகளோ விழாது. புகைபோல அறைக்குள் மிதந்துகொண்டே இருக்கும். தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டுப் போய் 2 மணி நேரம் ஆன பிறகும் அங்கே நுழைகிறவருக்கு அது தொற்றலாம். எதிர்ப்புசக்தி இல்லாத 10 பேர் நோயாளிக்கு நெருக்கத்தில் இருந்தால் 9 பேர்வரை மாட்டிக்கொள்வார்கள். காசநோயும் மிதந்து வருகிற ரகம்தான். 2020இல் கடையிலிருந்து வந்த பொட்டலங்களை எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தோம். வழியைத் தப்பாக வரைந்தால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவது, வாய். ஒருவருடைய மலத்திலிருந்து இன்னொருவருடைய வாய்க்கு வருகிற பாதை. கேட்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் காலரா, டைஃபாய்டு, ரோட்டா, நோரோ எல்லாம் வருவது இந்த வழியில்தான். நடுவில் தண்ணீர், சாப்பாடு, ஈ, கழுவாத கை என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

ரத்தம் வழியாக வருவதும் கொசு வழியாக வருவதும் தனிக் கதைகள். மலேரியாவுக்குத் தரையைத் துடைத்துப் பயனில்லை, வலை கட்ட வேண்டும் என்ற அளவில் இங்கே விட்டுவிடலாம்.

வரைந்து முடித்ததும் பாதையில் எந்த இடம் மிகக் குறுகலாக இருக்கிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் காவல் போட முடியாது. ஒன்றிரண்டு இடத்தில் ஒழுங்காகப் போட்டால் போதும்.

படி 2: கை

பயிற்சியின்போது எங்கள் கையில் ஒரு களிம்பைப் பூசிக் கழுவி வரச் சொன்னார்கள். நான் அக்கறையாகத்தான் கழுவினேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதாக்கதிர் விளக்கின் கீழே கையை நீட்டச் சொன்னார்கள். உள்ளங்கை சுத்தமாக இருட்டாக இருந்தது. கட்டைவிரல் இரண்டும் முழுசாக நீலமாக ஒளிர்ந்தன. நகக்கண்களில் பத்துப் பிறை. மோதிரத்தை ஒட்டி ஒரு வளையம். புறங்கையில் விரல்கள் பிரிகிற இடத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அத்தனை வருடம் நான் கை கழுவியதெல்லாம் உள்ளங்கையை மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னோடு நின்ற எட்டுப் பேருக்கும் ஏறக்குறைய அதே இடங்கள்தான் ஒளிர்ந்தன.

விளக்கு இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு கரண்டி சாயத்தை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கமாகக் கழுவுவதுபோலத் தேயுங்கள். கண்ணைத் திறந்து எங்கே சாயம் படவில்லை என்று பாருங்கள்.

சரி, முறை இதுதான். மோதிரத்தைக் கழற்றுங்கள். கையை நனைத்து சோப்பு போடுங்கள். முதலில் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்க்கவும். அப்புறம் ஒரு கையின் உள்பக்கத்தால் மற்றதன் புறங்கையை, விரல்களைக் கோத்தபடி தேய்க்கவும். விரல் இடுக்குகள். மடக்கிய விரல்களின் பின்பக்கம். கட்டைவிரலை மற்றக் கைக்குள் பிடித்துத் திருகித் திருகி. கடைசியாக விரல்நுனிகளை எதிர் உள்ளங்கையில் வட்டமாகச் சுரண்டுவதுபோல. தேய்ப்பதற்கு மட்டும் குறைந்தது 20 விநாடி ஆக வேண்டும். நனைப்பதிலிருந்து துடைப்பதுவரை சேர்த்தால் 40 முதல் 60 விநாடி ஆகும். வெந்நீர் தேவையில்லை. கிருமியைக் கொல்கிற அளவு சூடான தண்ணீர் முதலில் உங்கள் தோலைத்தான் கொப்புளிக்கவைக்கும்.

துடைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உலர்ந்த கையைவிட ஈரக் கையில் கிருமி சுலபமாக ஏறும், இறங்கும். நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டில் எல்லோரும் துடைக்கிற ஒரே ஈரத் துண்டில் துடைத்தால் செய்த வேலை வீண்.

சோப்பு பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை, பெயர்த்து எடுக்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்குக் கொழுப்பு பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கிற கிருமியைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். உயிரோடு போனால் என்ன, செத்துப் போனால் என்ன, கையைவிட்டுப் போனால் சரி. 'பாக்டீரியா எதிர்ப்பு' என்று எழுதிய சோப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ட்ரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருட்கள், சாதாரண சோப்பைவிட நன்றாக வேலை செய்கின்றன என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியாததால், வீட்டு உபயோகக் கைச்சோப்புகளில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2016இல் தடை செய்தது.

கை கழுவுவதன் மகிமை எப்படித் தெரியவந்தது என்பது வேதனையான கதை. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் பிரசவப் பிரிவில் வேலை பார்த்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்கப் போவார்கள். அந்த ஏப்ரலில் அந்தப் பிரிவில் தாய்மார்களில் 100க்கு 18 பேர் இறந்தார்கள். மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவர் விதி போட்டார். ஜூனில் அது 100க்கு 2 ஆகக் குறைந்தது. அவர் அந்தக் கரைசலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சோப்பு போட்டும் போகாத பிணவாடை அதில் போய்விட்டது என்பதே. கிருமி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, மூக்குதான் வழிகாட்டியது. சக மருத்துவர்கள் பலர் கடைசிவரை அவரை நம்பவில்லை.

சானிடைசர் எப்போது? தண்ணீர் இல்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு கையில் இல்லாதபோது. ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கை முழுக்க நனைகிற அளவு எடுத்து, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு கையை உதறுவது வெறும் சடங்கு. வாந்தி பேதிக்கு இதை நம்ப வேண்டாம். நோரோவுக்கும் ஸ்போர்களுக்கும் சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான்.

படி 3: முதலில் அழுக்கு, அப்புறம் கிருமி

இந்த வரிசையை மாற்றவே கூடாது. அழுக்கின் மேல் ஊற்றுகிற கிருமிநாசினி அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். குறிப்பாகக் குளோரின் அப்படித்தான். ரத்தம், மலம், சாப்பாட்டு எச்சம் எது கிடந்தாலும் அதில் தன் சக்தியை இழந்துவிடும். அடியில் இருக்கிற கிருமி பத்திரமாக இருக்கும். ஆகவே சோப்புத் தண்ணீரால் துடைத்து, அலசி, பிறகுதான் கிருமிநாசினி.

அடுத்தது நேரம். புதியவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கிருமிநாசினி பட்டதும் கிருமி சாவதில்லை. பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று. தெளித்த உடனே துடைத்தால் மருந்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறீர்கள். தெளித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுங்கள். நடுவில் காய்ந்துவிட்டால் மறுபடி தெளியுங்கள்.

'99.9 சதவீதம்' என்ற விளம்பரத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 10 லட்சம் பாக்டீரியா இருந்த இடத்தில் 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் ஆயிரம். ஈ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மறுபடி 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகிற நேரம் 3 மணி 20 நிமிடம். ஆகவே துடைத்த இடத்தை ஈரமாக விடாதீர்கள். ஈரம் இல்லாவிட்டால் இந்தப் பெருக்கம் நடக்காது. காயவைப்பதற்குக் காசும் ஆகாது.

படி 4: எதற்கு எது

சூடுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆயுதம். நெடியில்லை, எச்சமில்லை, கலவைக் கணக்கில்லை. குடிதண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும்; நோய் தருகிற பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாம் ஒழிந்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் 3 நிமிடம் விடுங்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம் கொதிக்கவிடுவது எரிபொருளுக்குக் கேடு. கொதிக்கவைத்த தண்ணீருக்குள் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் மட்டும் பழைய கதைதான்.

சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்டலாம். பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலும் சரி, 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலும் சரி, நோய்க்கிருமிகள் ஒழியும். லூயி பாஸ்ச்சர் பெயரால் வழங்கும் முறை அது. ஸ்போர்களுக்கு இது எதுவும் பத்தாது. அறுவைசிகிச்சைக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கொப்பரையில் வைத்து 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வேகவைப்பது அதனால்தான். குளிரைச் சூட்டுக்கு எதிர்ப்பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உறைபெட்டி கிருமியைத் தூங்கவைக்கும். வெளியே எடுத்ததும் எழுந்துவிடும்.

ஆல்கஹால் 70 சதவீதம் இருந்தால் பரப்புகளைத் துடைக்க நல்லது. முழுக்க முழுக்க ஆல்கஹால் என்றால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் கூட இருக்க வேண்டும். அதோடு, சுத்த ஆல்கஹால் வேலையை முடிப்பதற்குள் ஆவியாகிவிடும். செல்போன், ரிமோட், சுவிட்ச் போன்றவற்றுக்கு இதுதான் தோது. துணியில் நனைத்துத் துடையுங்கள், கருவியின் மேல் நேரே ஊற்றாதீர்கள். அடுப்பு எரிகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

குளோரின், அதாவது ப்ளீச். மலிவு, நோரோவுக்கும் ஆகும், போதிய அளவும் நேரமும் கொடுத்தால் ஸ்போருக்கும் ஆகும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், 20 மில்லி ப்ளீச்சோடு 980 மில்லி தண்ணீர் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கழுவிச் சுத்தம் செய்த சாதாரணப் பரப்புக்கு இது போதும். வாந்தி, மலம், ரத்தம் சிந்திய இடத்துக்கு 100 மில்லி ப்ளீச், 900 மில்லி தண்ணீர், அது 0.5 சதவீதம். பாட்டிலில் வேறு சதவீதம் போட்டிருந்தால் கணக்கும் மாறும். குளிர்ந்த தண்ணீரில், அன்றன்றைக்குக் கலக்குங்கள். நேற்றுக் கலந்ததை ஊற்றிவிடுங்கள், வீரியம் போயிருக்கும். உலோகத்தை அரிக்கும், துணியை வெளுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ப்ளீச்சோடு கழிப்பறை அமிலத்தையோ வினிகரையோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவத்தோடு சேர்த்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு. இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைத்து மூடிய குளியலறைக்குள் கலந்துவிட்டு, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு மருந்து, ஜன்னல் திறந்திருக்கட்டும். ப்ளீச்சோ வேறு கிருமிநாசினியோ உடம்புக்குள் போவதற்கு இல்லை. கொப்பளிக்க, முகர, காயத்தில் ஊற்ற எதற்கும் எடுக்காதீர்கள். உடம்புக்குள் புகுந்துவிட்ட கிருமி மருத்துவரின் பாடு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில், புற ஊதாக்கதிர் இரண்டுக்கும் ஒரு வரி: நேராகப் படுகிற இடத்தில் மட்டும் வேலை செய்யும், நிழல் விழுந்த மடிப்புக்குள் ஒன்றும் ஆகாது.

படி 5: சமையலறையும் ஜன்னலும்

வீட்டிலேயே கிருமி அதிகமாக இருக்கிற இடம் எது என்று கேட்டால் எல்லோரும் கழிப்பறையைக் காட்டுவார்கள். நான் பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஜைக் காட்டுவேன். எப்போதும் ஈரம், எப்போதும் சாப்பாட்டுத் துணுக்கு, ஆயிரம் பொந்துகள். பாக்டீரியாவுக்கு நாமே கட்டிக்கொடுத்த அடுக்குமாடி. தேய்த்து முடித்ததும் பிழிந்து காற்றாட வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள், மேடை துடைக்க வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. அதைக் குழாயடியில் வைத்துக் கழுவ வேண்டாம். கழுவினால் கிருமி போகாது. தெறிக்கிற துளிகளில் ஏறித் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கிற தட்டு என்று இறங்கும். வெந்தால்தான் போகும், நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட வேண்டும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் பாக்டீரியா ஜாலியாகப் பெருகும். "நன்றாகச் சூடு பண்ணிவிட்டேனே" என்பதும் எப்போதும் செல்லாது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் சாப்பாட்டில் நச்சை விட்டுவைக்கும். சூட்டில் பாக்டீரியா செத்தாலும் நச்சு அப்படியே இருக்கும்.

காற்றில் மிதப்பதற்கு மருந்து தெளிப்பதில் அர்த்தமில்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறங்கள், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும். நோயாளியின் அறையாவது எப்போதும் திறந்திருக்கட்டும். இருமல் இருக்கிறவர் முகக்கவசம் போட்டால் கிளம்புகிற இடத்திலேயே மறித்த மாதிரி. இருமும்போது உள்ளங்கையை வைக்காமல் முழங்கை மடிப்பில் இருமச் சொல்லுங்கள். உள்ளங்கை அடுத்த நிமிடம் கதவைத் தொடும், முழங்கை தொடாது. போய் இறங்குகிற இடத்தில் மறிப்பது தடுப்பூசி. பெரியம்மையை உலகத்தைவிட்டே ஒழித்தாயிற்று என்று 1980இல் அறிவிக்க முடிந்தது எந்தக் கிருமிநாசினியாலும் அல்ல, தடுப்பூசியால்.

படி 6: நள்ளிரவில் வாந்தி

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் தேவைப்படுகிற நேரம் இது. இரவு இரண்டு மணி, குழந்தை படுக்கையிலும் தரையிலும் வாந்தி எடுத்துவிட்டது. நோரோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோய் தொற்ற அதில் சில பத்துத் துகள்களே போதும், வாந்தியிலோ கோடிக்கணக்கில் இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளியும் தெறித்திருக்கும்.

முதலில் குழந்தையைக் கழுவி, வேறு உடுப்பு மாற்றி, யாராவது ஒருவர் அடுத்த அறைக்குக் கூட்டிப் போகட்டும். மற்றவர்கள் யாரும் உள்ளே வர வேண்டாம். ஜன்னலைத் திறங்கள். கையுறை போடுங்கள், முகக்கவசம் இருந்தால் அதையும் போடுங்கள்.

வாந்தியின் மேல் பழைய காகிதத்தையோ உறிஞ்சுகிற துணியையோ மெதுவாகப் போர்த்துங்கள். ஊறியதும் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளி, நேரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் ஒரு முழ இடம் மூன்று முழம் ஆகும். துடைப்பத்தால் தள்ளவோ குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சவோ கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து அலசுங்கள். அதற்குப் பிறகு, நெடி தாங்காது என்பதால் குழந்தை அந்தப் பக்கமே வராதபடி பார்த்துக்கொண்டு, 0.5 சதவீத ப்ளீச் கரைசலைத் தெறித்த எல்லை தாண்டியும் விட்டு, 10 நிமிடம் அப்படியே விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் தூக்கக் கலக்கத்தோடு சும்மா நிற்பதுதான் கஷ்டம். நின்றே ஆக வேண்டும். பிறகு தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள்.

படுக்கை விரிப்பை உதறாதீர்கள். உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, கெட்டியாக இருப்பதைக் காகிதத்தால் வழித்துவிட்டு, தனியாக, துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில், முடிந்தால் 60 டிகிரியில், சோப்புத்தூள் போட்டுத் துவையுங்கள். பிறகு வெயிலில் நன்றாகக் காயட்டும்.

கையுறையைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கையின் மணிக்கட்டுப் பக்கம், வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வருகிறபடி உரியுங்கள். உரித்ததை மற்றக் கைக்குள் உருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் விரலை அந்தக் கையுறையின் உள்பக்கமாக விட்டு, முதலாவது உள்ளே அடங்குகிறபடி இதையும் உரியுங்கள். பையில் போட்டுக் கட்டிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கையுறை போட்டிருந்தேனே என்று கழுவாமல் விடாதீர்கள். கழற்றும்போதுதான் கையில் படும். கடைசியாகக் கதவுக் கைப்பிடி, சுவிட்ச், கழிப்பறைத் தண்ணீர்ப் பிடி, குழாய்த் திருகு. கையுறையோடு எதையெதைத் தொட்டீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தால் பட்டியல் தானாக வரும். செல்போனை எடுத்து மணி பார்த்தீர்களா?

குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டிருங்கள். சிறுநீர் போகவில்லை, வாய் காய்கிறது, துவண்டு கிடக்கிறது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டில் சமைக்கிறவருக்கே இது வந்தால், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. உடம்பு தேறிவிட்டது என்று அவரே சொல்வார், கேட்காதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கலாம். அதுவரை கழிப்பறைக்குள் ஒரு சோப்பும், அவருக்கென்று தனித் துண்டும் இருக்கட்டும்.